அடைக்கலம் தந்த தெய்வம்: எபேசஸ் ஆர்ட்டெமிஸ் கோயிலின் வரலாறு

கி.மு. 394இல் கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் ஸ்பார்ட்டா மன்னன் அகெசிலாவோஸின் படையோடு ஆசியாவிலிருந்து கிரீஸுக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு போர் காத்திருந்தது. உயிரோடு மீள்வோமா என்ற ஐயம் அவருக்கு இருந்தது. முன்பு பாரசீகத்தின்மேல் படையெடுத்துச் சென்றபோது போர்க்கைதிகளை விற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்கை அப்போலோவுக்கும் எபேசஸின் ஆர்ட்டெமிஸுக்கும் ஒதுக்கித் தளபதிகளிடம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தன்னிடம் இருந்த ஆர்ட்டெமிஸின் பங்கை எபேசஸ் கோயிலின் பொறுப்பாளர் மெகாபைசோஸிடம் செனபோன் ஒப்படைத்தார். தான் பிழைத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இறந்தால் தேவிக்கு உகந்த காணிக்கையாகச் செய்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

செனபோன் பிழைத்தார். ஆனால் சொந்த ஊரான ஏதென்ஸ் அவரை நாடு கடத்திவிட்டது. ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் ஸ்கில்லூஸ் என்ற ஊரில் குடியேறினார். பின்னாளில் ஒலிம்பிய விழாவைக் காண வந்த மெகாபைசோஸ், ஒப்படைத்த பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கொண்டு செனபோன் தேவியின் பெயரில் நிலம் வாங்கினார், எபேசஸ் கோயிலின் சாயலில் ஒரு சிறு கோயில் கட்டினார். அங்கே தங்கத்தில் இருந்த திருவுருவம் இங்கே சைப்ரஸ் மரத்தில் அமைந்தது. நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் விழாவுக்குப் போயிற்று. அக்கம்பக்கத்து ஆண்கள், பெண்கள் எல்லோருக்கும் அன்று தேவியின் பெயரால் ரொட்டியும் மதுவும் இறைச்சியும் கிடைத்தன.

எபேசஸ் கோயில் என்றதும் பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று என்ற பட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பட்டம் கோயிலின் அளவைச் சொல்கிறது, ஆயுளை விளக்குவதில்லை. வெள்ளம் மூடியது, தீ எரித்தது, கோத்தர்கள் என்ற ஜெர்மானியக் குடியினர் சூறையாடினார்கள். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதே இடத்தில் வழிபாடு நடந்தது. பணத்துக்கும் உயிருக்கும் அங்கே அடைக்கலம் உண்டு என்று கடல் கடந்தவர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையே கோயிலைத் திரும்பத் திரும்ப எழுப்பியது என்பது என் துணிபு. அது தளர்ந்த பிறகு பளிங்கால் கோயிலைக் காக்க முடியவில்லை.

கோயில் அமைந்த இடமே வியப்புக்குரியது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில், செல்ச்சுக் நகரத்தின் ஓரத்தில், ஆற்று வண்டல் படிந்த தாழ்நிலம் அது. கூப்பிடு தூரத்தில் குன்றுகள் இருந்தும் கோயில் சதுப்பில் எழுந்தது. அயோனியக் கிரேக்கர்கள் வந்து குடியேறுவதற்கு முன்பே அங்கே வழிபாடு இருந்தது என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியஸ் எழுதுகிறார். வேட்டையாடும் கன்னித் தெய்வமாகக் கிரேக்கர்கள் அறிந்திருந்த ஆர்ட்டெமிஸின் பெயரை, அந்த மண்ணில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த ஒரு பெண் தெய்வம் ஏற்றுக்கொண்டது போலும். ஆஸ்திரிய அகழாய்வாளர் ஆன்டன் பாமர், பிற்காலக் கோயிலின் அடியில், நீளவாக்கில் எட்டும் அகலவாக்கில் நான்கும் எனத் தூண்கள் சூழ நின்ற சின்னஞ்சிறு கட்டடத்தின் அடித்தளத்தைக் கண்டார். கிரேக்க உலகில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தூண்சூழ் கோயில்களில் அது ஒன்று. வெள்ளம் கொண்டுவந்த மணல் அதன்மேல் படிந்திருந்தது. மக்கள் மேட்டுக்குப் போகவில்லை. தரையை உயர்த்தி அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள்.

கி.மு. 560 வாக்கில் லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் எபேசஸைத் தாக்கினான். ஊர்க்காரர்கள் செய்த காரியத்தைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கோயிலிலிருந்து நகர மதில்வரை ஏழு ஸ்டேடியம் தூரத்துக்கு, அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக, ஒரு கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். நகரம் முழுவதையும் தேவியின் உடைமையாக்கும் செயல் அது. குரோசஸ் நகரைப் பிடித்தான், ஆனால் அந்தக் கயிற்றை மதித்தான் என்று கொள்ள இடமிருக்கிறது. பின்னர் எழுந்த பெருங்கோயிலுக்குத் தங்கப் பசுக்களையும் பெரும்பாலான தூண்களையும் காணிக்கையாகக் கொடுத்தவன் அவனே. மன்னன் குரோசஸ் அர்ப்பணித்தான் என்று பொருள்படும் எழுத்துத் துணுக்குகள் அந்தத் தூண்களின் அடிப்பாகத்தில் கிடைத்தன. இன்று அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹெரோடோட்டஸின் கூற்றைக் கல்லே இப்படி உறுதி செய்வது அரிது.

குரோசஸ் காலத்துக் கோயிலின் தளத்துக்குக் கீழே 1904-05இல் ஆங்கிலேய அகழாய்வாளர் டி.ஜி. ஹோகார்த் தோண்டியபோது, தங்கமும் வெள்ளியும் கலந்த எலக்ட்ரம் என்ற உலோகத்தால் ஆன 90க்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்தன. உலகின் மிகப் பழைய நாணயங்களுள் அவை சேரும். நாணயம் பிறந்த காலத்தை ஆராய்பவர்கள் இன்றும் இந்தக் கோயிலின் அடிமண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

குரோசஸ் காலத்துக் கோயிலைக் கட்டியவர்கள் கிரீட் தீவின் நோசோஸைச் சேர்ந்த கெர்சிஃப்ரோனும் அவர் மகன் மெட்டகெனீஸும். சதுப்பில் அடித்தளம் போடச் சாமோஸ் தீவின் தியோடோரஸ் யோசனை சொன்னார். கரியைத் திமிசு போட்டு அதன்மேல் ஆட்டுத்தோல்களை ரோமத்தோடு பரப்பியதாகச் செய்தி. மென்மையான நிலம் நிலநடுக்கத்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் என்பது அக்காலக் கணிப்பு என்கிறார் ரோமானிய அறிஞர் பிளினி.

கல் கொண்டுவந்த விதத்தை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விரிவாகச் சொல்கிறார். தூண்களை வண்டியில் ஏற்றினால் சக்கரம் மண்ணில் புதையும். கெர்சிஃப்ரோன் ஒவ்வொரு தூணின் இரு முனையிலும் இரும்பு அச்சை ஈயம் ஊற்றிப் பொருத்தினார், அதைச் சுற்றி மரச்சட்டம் அமைத்தார், மாடு பூட்டி இழுத்தார். தூணே உருளையாகி உருண்டு வந்தது. மேலே கிடத்தும் உத்தரக் கற்கள் உருண்டை வடிவம் கொண்டவை அல்ல. மகன் மெட்டகெனீஸ் சுமார் பன்னிரண்டு அடி உயரச் சக்கரங்களைச் செய்து, கல்லின் இரு நுனிகளையும் அவற்றின் நடுவே பொருத்தி, கல்லையே அச்சாக்கினார். உத்தரத்தைத் தூண் உச்சியில் அமர்த்துவது அடுத்த சிக்கல். மணல் மூட்டைகளை அடுக்கிச் சாய்தளம் எழுப்பி, கல்லை மேலே கொண்டுபோய், பிறகு அடி மூட்டைகளிலிருந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டு இறக்கினார்கள். வாசலுக்கு மேலான மிகப் பெரிய கல் மட்டும் சரியாக அமரவில்லை. மனம் வெறுத்துத் தற்கொலைக்குத் துணிந்த கெர்சிஃப்ரோனின் கனவில் தேவி தோன்றி, கல்லைத் தானே அமர்த்திவிட்டதாகச் சொன்னாள் என்றும், விடிந்து பார்த்தபோது கல் தன் எடையாலேயே பொருந்தியிருந்தது என்றும் ஒரு கதையைப் பிளினி தருகிறார். கட்டடக்காரனின் அச்சத்தை இவ்வளவு நேராகச் சொல்லும் கதைகள் பண்டைய இலக்கியத்தில் குறைவு.

பளிங்கு கிடைத்த கதையும் உண்டு. பிக்சோடரஸ் என்ற ஆட்டிடையனின் கிடாக்கள் இரண்டு முட்டிக்கொண்டபோது ஒன்றின் கொம்பு பாறையில் மோதி வெள்ளைக் கல் சில்லு தெறித்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு ஓடினான். ஊர் அவனுக்கு நற்செய்தி கொண்டுவந்தவன் என்ற பெயர் சூட்டி, மாதந்தோறும் பலி செலுத்தியது.

கி.மு. 356இல் ஹெரோஸ்ட்ராட்டஸ் என்பவன் தன் பெயர் உலகில் நிலைக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கோயிலுக்குத் தீ வைத்தான். அவன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று எபேசஸ் ஆணையிட்டது. வரலாற்றாசிரியர் தியோபோம்பஸ் எழுதிவிட்டதால் பெயர் தப்பிவிட்டது. அலெக்சாண்டர் பிறந்த இரவில்தான் கோயில் எரிந்தது என்றும், ஆர்ட்டெமிஸ் அந்தப் பிரசவத்தைப் பார்க்கப் போயிருந்ததால் தன் வீட்டைக் காக்க முடியவில்லை என்றும் பின்னால் ஒரு பேச்சு எழுந்தது.

மறுகட்டுமானத்தைப் பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தரும் செய்திகள் இன்னும் முக்கியமானவை. பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். மக்கள் சொந்தச் சொத்தைத் தந்தார்கள். எரிந்த கோயிலின் தூண்களை விற்றார்கள். பாரசீகர்கள் கோயிலில் ஒப்படைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் திமேயஸ் எழுதியிருந்தார். எபேசஸைச் சேர்ந்த புவியியலாளர் ஆர்ட்டெமிடோரஸ் அதை வன்மையாக மறுத்தார். ஒப்படைத்த பணத்தில் கை வைத்தார்கள் என்ற பழி, கோயில் எரிந்ததைவிடப் பெரிய கேடாக அந்த ஊருக்குத் தோன்றியிருக்கிறது. கி.மு. 334இல் வந்த அலெக்சாண்டர், கல்வெட்டில் தன் பெயரைப் பொறித்தால் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னார். ஒரு கடவுள் இன்னொரு கடவுளுக்குக் காணிக்கை தருவது முறையல்ல என்று சொல்லி எபேசஸ்காரர்கள் நயமாக மறுத்துவிட்டார்கள். பாரசீகருக்குச் செலுத்திவந்த வரியை இனித் தேவிக்குச் செலுத்துங்கள் என்று அவர் இட்ட ஆணை மட்டும் நின்றது.

புதிய கோயில் பழைய அளவிலேயே எழுந்தது. பிளினியின் கணக்கில் நீளம் 425 அடி, அகலம் 225 அடி, 127 தூண்கள், ஒவ்வொன்றும் 60 அடி உயரம். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலின் நீளம் சுமார் 70 மீட்டர்தான், தூணின் உயரம் பத்தரை மீட்டருக்குள். 36 தூண்களின் அடிப்பகுதியில் ஆளுயரச் சிற்பங்கள் சுற்றிவர நின்றன.

இந்தக் கோயிலின் கருவூலத்தைப் பற்றி கிரேக்கச் சொற்பொழிவாளர் டியோ கிறிசோஸ்டம் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்று தெளிவாகப் பேசுகிறது. எபேசஸ்காரர்கள் மட்டுமன்றி வெளியூர்க்காரர்களும் அரசர்களும் நகரங்களும் அங்கே பணம் வைத்திருந்தார்கள். போர்கள் வந்தன, நகரம் வீழ்ந்தது, அப்போதும் யாரும் அதைத் தொடத் துணியவில்லை. ஊரார் அவசரத்துக்கு அதிலிருந்து கடன்கூட வாங்கியதில்லை. பொதுப்பணம் கைமாறும் இடங்களில் இத்தகைய கட்டுப்பாடு எவ்வளவு கடினம் என்பது தெரிந்தவர்களுக்கு, இதைக் கட்டிக்காத்த அந்த ஊரின்மேல் மதிப்பு பிறக்கும். ரோமானிய உள்நாட்டுப் போரில் தளபதி ஸ்கிப்பியோ கருவூலத்தைத் திறக்கவிருந்த நேரத்தில், உடனே புறப்பட்டு வரும்படி அவர் தரப்பின் தலைவர் பாம்பேயின் கடிதம் வந்ததால் பணம் தப்பியது என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார்.

கோயிலுக்கு மீன்வளம் நிறைந்த ஏரிகளும் இருந்தன. ரோமின் வரிக் குத்தகைக்காரர்கள் அந்த வருமானத்தைப் பறித்தபோது, மேலே சொன்ன ஆர்ட்டெமிடோரஸ் ரோமுக்குத் தூது போய் உரிமையை மீட்டார். அதற்காக அவருக்குக் கோயிலில் தங்கச் சிலை வைத்தார்கள்.

உயிர்களுக்குத் தந்த அடைக்கலம் பணத்தின் காவலைவிடச் சிக்கலானது. கோயில் எல்லைக்குள் வந்தவரை யாரும் பிடிக்கக் கூடாது. அந்த எல்லை மன்னர்களின் விருப்பத்துக்கேற்ப நீண்டது, குறுகியது. அலெக்சாண்டர் அதை ஒரு ஸ்டேடியமாக்கினார். பொன்டஸ் மன்னன் மித்ரிடேட்டஸ் கூரையின் மூலையிலிருந்து அம்பு எய்து, அது விழுந்த இடம்வரை எல்லை என்றான். ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி அதை இருமடங்காக்கி நகரத்தின் ஒரு பகுதியையும் சேர்த்தார். குற்றவாளிகள் அங்கே குவிந்தார்கள், ஊர் அவர்கள் கைக்குப் போயிற்று, பேரரசர் அகஸ்டஸ் அந்த விரிவை ரத்து செய்தார். எல்லை விரிந்த அளவுக்கு மதிப்பு உயரவில்லை.

அடைக்கலம் முறிந்த நாட்களும் உண்டு. கி.மு. 88இல் ஆசியாவில் உள்ள ரோமானியர்களைக் கொல்லும்படி மித்ரிடேட்டஸ் ஆணையிட்டபோது, தேவியின் உருவங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்களை எபேசஸ்காரர்களே பிய்த்து இழுத்துக் கொன்றார்கள் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். எகிப்து அரசி கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயே இந்தக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தபோது ஆண்டனியின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டாள் என்பது யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸின் கூற்று. இந்தக் கொலைகளை மறைத்துவிட்டுக் கோயிலின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இனித் திருவுருவம். செல்ச்சுக் அருங்காட்சியகத்தில் நிற்கும் பெரிய பளிங்குச் சிலைகள் 1956இல் நகர மன்றக் கட்டடத்தின் இடிபாடுகளில் கிடைத்த ரோமானியர் காலப் பிரதிகள். தேவி நிமிர்ந்து நிற்கிறாள், முன்கைகள் நீண்டிருக்கின்றன, இறுக்கமான ஆடையில் சிங்கம், காளை, தேனீ வரிசைகள். மார்பை மறைத்து, முட்டை வடிவில் தொங்கும் கொத்து. இவற்றைப் பல முலைகள் என்று கிறிஸ்தவ எழுத்தாளர்களான மினூசியஸ் ஃபெலிக்ஸும் ஜெரோமும் எழுதினார்கள். அந்த விளக்கமே சுற்றுலாக் கையேடுகள்வரை வந்துவிட்டது. பலியிட்ட காளைகளின் விதைப்பைகள் என்று 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் சொன்னார். ஹிட்டைட் சடங்குகளில் வரும் தோல்பை என்பாரும் உண்டு.

எனக்கு இவை அணிகலன் என்றே படுகிறது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள சிலையில் முகமும் கைகளும் வெண்கலம், ஆடை வெளிறிய அலபாஸ்டர் கல். தொங்கும் கொத்து ஆடையோடு சேர்ந்து அலபாஸ்டரில் இருக்கிறது, உடலோடு வெண்கலத்தில் இல்லை. காம்புகளும் கிடையாது. பக்கத்து நாடான காரியாவில் லப்ராவுண்டா என்ற தலத்தின் ஜீயஸ், தாடி வைத்த ஆண் தெய்வம், மார்பில் இதே கொத்தோடு நிற்கிறார். 1980களின் இறுதியில் பாமர் பழைய கோயிலின் தளத்தில், தொங்கவிடத் துளையிட்ட நீர்த்துளி வடிவ அம்பர் மணிகளைக் கண்டெடுத்தார். செனபோன் தங்க உருவம் என்று சொன்னாலும், மூல உருவம் மரத்தாலானது என்ற செய்தியும் உண்டு. கோயில் ஏழு முறை மாறியும் அந்தத் திராட்சை மர உருவம் மாறவில்லை, பிளவுபடாமலிருக்க அதில் துளைகள் வழியே நறுமணத் தைலம் ஊற்றினார்கள் என்று ரோமானிய அரசியலாளர் முசியானஸ் சொன்னதைப் பிளினி குறித்துவைத்திருக்கிறார். அந்த உருவத்துக்கு ஆடை சாத்தினார்கள். சார்டிஸ் நகரத்திலிருந்த கிளைக் கோயிலுக்கு ஆடைகள் தொடர்பாகச் சென்ற புனிதத் தூதரைத் தாக்கியதற்காகச் சுமார் 45 பேருக்கு மரண தண்டனை விதித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்தத் தேவியைத் தியானாள் என்ற பெயரில் தெரிந்திருக்கும். வெள்ளியில் சிறு கோயில்கள் செய்து விற்ற தெமேத்திரியு என்ற தட்டான், கிறிஸ்தவப் போதகர் பவுலின் போதனையால் தொழில் கெடும் என்று கூட்டம் சேர்த்த நிகழ்ச்சி அப்போஸ்தலர் நடபடிகளின் 19ஆம் அதிகாரத்தில் வருகிறது. அரங்கில் திரண்ட மக்கள் இரண்டு மணி நேரம் தேவியின் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். தெமேத்திரியுவின் அச்சம் உண்மையானது, ஆனால் ஆபத்து வேறு திசையிலும் இருந்தது. ஏறத்தாழ கி.பி. 44இல் ரோமானிய ஆளுநர் பவுலஸ் ஃபேபியஸ் பெர்சிகஸ் வெளியிட்ட அரசாணை, கோயிலின் வருவாய் தவறாகச் செலவாவதையும், பூசாரிப் பதவிகள் ஏலம்போல விற்கப்படுவதையும் கண்டிக்கிறது. டியோ புகழ்ந்தது பிறர் ஒப்படைத்த பணத்தின் காவலை. கோயிலின் சொந்த வருவாயோ உள்ளிருந்தே அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. நூற்றாண்டின் முடிவில் பேரரசர் டொமிஷியனுக்குக் கோயில் கட்டி, பேரரசரின் கோயில்காவல் நகரம் என்ற பட்டத்தையும் எபேசஸ் பெற்றது. அடைக்கலமும் சலுகையும் இனி ரோமிலிருந்து வந்தன.

விழாக்கள் குறையவில்லை. கி.பி. 104இல் கயஸ் விபியஸ் சலூட்டாரிஸ் என்ற செல்வந்தர், தங்கத்திலும் வெள்ளியிலுமான சுமார் 30 உருவங்களை ஊர்வலமாக எடுத்துச் செல்லக் கட்டளை ஏற்படுத்தினார். கோயிலிலிருந்து மக்னீசிய வாயில் வழியே அரங்குக்கு வந்து, கொரெஸ்ஸிய வாயில் வழியே திரும்ப வேண்டும். தேவியோடு பேரரசர் டிராஜனும் ரோமானிய மன்றமும் நகரக் குலங்களும் உருவங்களாகச் சென்றன. இந்த நிபந்தனைகளை 500 வரிகளுக்கு மேல் கல்லில் வெட்டி அரங்கில் வைத்தார்.

கி.பி. 260களில் கோத்தர்கள் கோயிலைச் சூறையாடினார்கள். இந்த முறை நகைகளைக் கழற்றித் தந்து பழைய அளவில் கட்டி எழுப்ப யாரும் முன்வரவில்லை. நான்காம் நூற்றாண்டின் முடிவில் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை செய்தார். தேமியாஸ் என்பவர் ஆர்ட்டெமிஸின் உருவத்தை அகற்றிச் சிலுவை நாட்டியதைக் கல்லில் பொறித்துப் பெருமைப்பட்டார். 431இல் எபேசஸில் கூடிய திருச்சபை மன்றம், மரியாள் கடவுளின் தாய் என்று அழைக்கப்படுவதை உறுதி செய்தது. ஆர்ட்டெமிஸே மரியாளாக மாறினாள் என்று சிலர் எளிதாக எழுதிவிடுகிறார்கள். அந்த மன்றம் வாதிட்டது கிறிஸ்துவின் இயல்பைப் பற்றியே. ஊர் ஒன்று என்பதால் வழிபாடும் ஒன்றாகிவிடாது. கோயிலின் கற்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கும், அயாசுலுக் குன்றில் எழுந்த புனித யோவான் ஆலயத்துக்கும் போயின. மீதியை ஆற்று வண்டல் மூடியது.

கோயிலை 1863இல் தேடத் தொடங்கியவர் ஜான் டர்ட்டில் வுட், இரயில் நிலையங்கள் கட்ட வந்த ஆங்கிலேயக் கட்டடப் பொறியாளர். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பணம் தந்தது. 1866இல் அரங்கைத் தோண்டியபோது சலூட்டாரிஸின் கல்வெட்டு கிடைத்தது. ஊர்வலம் மக்னீசிய வாயில் வழியே நுழைய வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயிலைத் தேடினார், வாயிலிலிருந்து வெளியே செல்லும் பாதையைத் தொடர்ந்து தோண்டினார். 1869 டிசம்பர் 31 அன்று, சுமார் 6 மீட்டர் ஆழத்தில் பளிங்குத் தளம் தெரிந்தது. ஒரு பக்தரின் கட்டளை விவரம் பதினேழரை நூற்றாண்டு கழித்துக் கோயிலுக்கு வழி காட்டிய இந்த நிகழ்ச்சி, கல்வெட்டியலின் பெரிய வெற்றிகளுள் ஒன்று.

எபேசஸுக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டம் மொய்க்கும் செல்சஸ் நூலகத்தையும் அரங்கையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். செல்ச்சுக்கில், துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண் நிற்கும் அந்தத் தாழ்நிலத்துக்கும், தேவியின் சிலைகள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். தூணின் சிற்ப அடிப்பாகத்தையும் குரோசஸின் எழுத்தையும் காண லண்டனுக்குத்தான் போக வேண்டும்.